பெரிய ஆட்டத்தில் பந்தைக் கைமாற்றிவிடும் மகள்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் வசிக்கிறோம். எங்கள் மகள், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று நிலைகளில் மூன்றாம் டிவிஷனைச் சேர்ந்த ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் மூன்றாவது ஆண்டாக ஆடுகிறாள். அணியில் அதிகப் புள்ளி எடுப்பவள் அவள்தான். ஆனால் லீக்கின் அரையிறுதி வந்துவிட்டால், சென்ற இரண்டு ஆண்டுகளாக, வேறு ஆளாகிவிடுகிறாள். ஷாட் எடுக்க இடமிருந்தும் பந்தைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாள். இரண்டு முறையும் அணி சிறிய வித்தியாசத்தில் தோற்றது. பயிற்சியாளர் “இன்னும் துணிந்து ஆடு” என்கிறார். அவள் அப்பாவோ ஆட்டம் முடிந்து சாப்பிடப் போகும் இடத்திலும் அதையே பேசுகிறார். “ஆள் மறிக்காமல் நின்றவளுக்குத்தான் கொடுத்தேன், அதுதான் சரியான ஆட்டம்” என்பது அவளுடைய பதில். போன சீசனின் நடுவில் கணுக்கால் சுளுக்கிச் சில வாரங்கள் ஆடவில்லை. முந்திக்கொண்டு நிற்காதே, அடக்கமாக இரு என்று சொல்லி அவளை வளர்த்தவர்கள் நாங்கள். அதுதான் இப்போது அவளைப் பின்னால் இழுக்கிறதா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்களை அதிகம் வருத்துவது வளர்ப்பைப் பற்றிய கேள்விதான் என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. ஆகவே அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வளர்ப்புதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அடக்கம் அவரைத் தடுக்கிறது என்றால் சீசன் முழுவதும் அணியிலேயே அதிகப் புள்ளி எடுப்பவராக அவர் எப்படி இருக்க முடியும்? வளர்ப்பு என்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒதுங்கியிருந்துவிட்டு அரையிறுதிக்கு மட்டும் வந்து நிற்பதில்லை. மேலும், நம் வீடுகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத, மினியாபொலிஸ் நகரை ஒட்டிய ஹாப்கின்ஸில் பள்ளி ஆட்டம் ஆடி வளர்ந்த ஒருவரைப் பற்றியும் பல ஆண்டுகளாக இதே குறை சொல்லப்பட்டது. அவருடைய கல்லூரிக் காலத்தை உங்கள் மகளும் கவனித்திருப்பார். அந்த உதாரணத்தை வைத்துப் பேசினால் உங்கள் இருவருக்குமே விஷயம் எளிதில் விளங்கும் என்று நம்புகிறேன்.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பேஜ் பெக்கர்ஸைத்தான் சொல்கிறேன். 2020-21 சீசனில், முதலாம் ஆண்டு மாணவியாகவே அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றவர் அவர். அதற்கு முன் எந்த முதலாம் ஆண்டு மாணவிக்கும் அது கிடைத்ததில்லை. அவருக்குத் துணிவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் சவுத் கரோலினாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டத்தில் 31 புள்ளிகள் எடுத்தார். கனெக்டிகட்டின் கடைசி 13 புள்ளிகளும் அவருடையவை. 2022 மார்ச்சில் என்.சி. ஸ்டேட் அணிக்கு எதிரான தேசியப் போட்டித் தொடரின் கால்இறுதி இரண்டு கூடுதல் நேரங்களுக்கு நீண்டபோது, அவர் எடுத்த 27 புள்ளிகளில் 15 அந்தக் கூடுதல் நேரங்களில் வந்தவை. இப்படிப்பட்டவரைப் பற்றித்தான், 1985 முதல் அந்த அணியின் பயிற்சியாளராக இருக்கும் ஜீனோ ஒரியெம்மா, இவர் அளவுக்கு மீறிப் பந்தைப் பகிர்கிறார், இன்னும் அதிகமாக ஷாட் எடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்.

நெருக்கடியில் முன்னின்று ஆடுவது சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், சிலருக்கு இருக்காது என்று நாம் நினைக்கிறோம். அந்த எண்ணத்தை இந்த உதாரணம் கலைத்துவிடுகிறது. ஒரே ஆள் ஓர் ஆட்டத்தில் பொறுப்பு முழுவதையும் தன் மேல் எடுத்துக்கொள்கிறார், இன்னொரு ஆட்டத்தில் பகிர்ந்துகொண்டே போகிறார். இதைக் குணம் என்று பார்க்காமல், பந்து கைக்கு வரும் அந்த நொடியில் எடுக்கும் முடிவு என்று பார்க்கிறேன். முடிவு என்றால் அதைப் பழக்கிக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

பகிர்ந்து ஆடும் வீராங்கனைக்கு ஓர் ஆபத்து உண்டு. அவருடைய நல்ல குணமே நெருக்கடியில் அவர் ஒளிந்துகொள்ளும் இடமாக மாறிவிடலாம், அப்படி மாறியது அவருக்கே தெரியாமலும் போகலாம். ஷாட் எடுத்துத் தவறவிட்டால் அது ஸ்கோர் புத்தகத்தில் பதிவாகிறது, அரங்கில் உள்ள எல்லோரும் பார்க்கிறார்கள், அப்பாவும் பார்க்கிறார். எடுக்காமல் விட்ட ஷாட்டுக்கு அந்தப் புத்தகத்தில் கட்டமே கிடையாது. பந்தை வாங்கிய தோழி தவறவிட்டால் அது தோழியின் கணக்கில் ஏறுகிறது. ஆக, சாதாரண ஆட்டத்தில் அணிக்கு உதவுவதற்காகக் கொடுக்கும் அதே பாஸ், தோற்றால் சீசனே முடிந்துவிடும் ஆட்டத்தில், தோல்விக்குக் காரணமானவர் என்ற பெயர் தன் மேல் விழாமல் காக்கும் கேடயமாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு பாஸும் ஒன்றுபோலவே இருக்கும், கொடுத்தவரின் மனத்திலும் இரண்டும் ஒரே நியாயத்தோடுதான் பதிந்திருக்கும். “ஆள் மறிக்காமல் நின்றவளுக்குத்தான் கொடுத்தேன்” என்று உங்கள் மகள் சொல்வது பொய்யல்ல. அவர் அதை முழுமையாக நம்புகிறார். அதனால்தான் “துணிந்து ஆடு” என்ற சொல் அவரைத் தொடவில்லை. தான் பயந்ததாக அவர் நினைக்கவே இல்லாதபோது அந்த அறிவுரை யாருக்கோ சொன்னதாகத்தான் அவருக்குக் கேட்கும்.

அதே சமயம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்பதை நீங்களும் உங்கள் கணவரும் மனதார ஏற்க வேண்டும். அரையிறுதிக்கு வரும் எதிரணி உங்கள் மகளின் பழைய ஆட்டங்களைப் பார்த்து, அவரை எப்படி நிறுத்துவது என்று திட்டமிட்டுத்தான் வந்திருக்கும். அவர் பந்தைத் தொட்டதும் இருவர் சூழ்ந்துகொண்டால், வேறெங்கோ ஒரு தோழியை மறிக்க ஆளில்லை என்றுதான் பொருள், அவருக்குக் கொடுப்பதே சரியான ஆட்டம். பெக்கர்ஸின் கடைசித் தேசியக் கல்லூரிப் போட்டித் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச்சில் சவுத் டகோடா ஸ்டேட் அணிக்கு எதிராக 34 புள்ளிகள், ஓக்லஹோமாவுக்கு எதிராக 40, தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 31 என்று குவித்தார். ஓக்லஹோமா ஆட்டத்தின் 40-இல் 29 இரண்டாம் பாதியில் மட்டும் வந்தவை. அதன் பிறகு டாம்பாவில் நடந்த அரையிறுதியில் அவர் எடுத்தது 16, ஏப்ரல் 6 அன்று நடந்த இறுதியில் 17. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் மிகப் பெரிய இரண்டு ஆட்டங்களில் அவர் பின்வாங்கிவிட்டார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கனெக்டிகட் அரையிறுதியில் யு.சி.எல்.ஏ. அணியை 85-51 என்றும், இறுதியில் சவுத் கரோலினாவை 82-59 என்றும் வென்றது. இறுதி ஆட்டத்தில் அவருடைய அணித்தோழிகள் அஸி ஃபட், சாரா ஸ்ட்ராங் இருவரும் ஆளுக்கு 24 புள்ளிகள் எடுத்தார்கள். 40 புள்ளி எடுக்கக்கூடியவர் களத்தில் இருக்கிறார் என்பதே எதிரணியின் கண்ணை அவர் பக்கம் இழுத்து வைத்திருக்கும். அந்த மிரட்டல் இருப்பதால்தான் அவர் கொடுக்கும் பாஸுக்கு மதிப்பு. 2016-க்குப் பிறகு அந்தக் கல்லூரிக்குக் கிடைத்த முதல் சாம்பியன் பட்டம் அது, மொத்தத்தில் 12-ஆவது.

ஆகவே எத்தனை புள்ளி, எத்தனை ஷாட் என்று எண்ணுவதை விட்டுவிடுங்கள். இரண்டு அரையிறுதிகளின் வீடியோவையும், நெருக்கமாக முடிந்த இரண்டு மூன்று சாதாரண ஆட்டங்களின் வீடியோவையும் உங்கள் மகளும் பயிற்சியாளரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பெற்றோர் அந்த அறையில் வேண்டாம். அவர் கைக்குப் பந்து வந்த ஒவ்வொரு முறையும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பந்தை வாங்கியதும் கூடையை நோக்கித் திரும்பி, தன்னை மறிப்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தாரா, இல்லை, பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போய்விட்டதா? கூடையைப் பார்த்து, ஓர் அடி முன்னேறி, இரண்டாவது தடுப்பாளரைத் தன் பக்கம் இழுத்துவிட்டுக் கொடுத்த பாஸ் முனைப்பான ஆட்டம், அதில் அவர் ஒரு புள்ளியும் எடுக்காவிட்டாலும். கூடையைப் பார்க்காமலே பக்கவாட்டில் தள்ளிவிட்ட பாஸ், வாங்கியவர் எவ்வளவு தனியாக நின்றிருந்தாலும், தட்டிக்கழித்த பொறுப்புதான். சாதாரண ஆட்டங்களில் முதல் வகை அதிகமாகவும் அரையிறுதியில் இரண்டாம் வகை அதிகமாகவும் இருந்தால், யாரும் எதுவும் சொல்லாமலே உங்கள் மகள் அதைக் கண்டுகொள்வார். தன் கண்ணால் கண்டதை நம்புவது, பிறர் சொல்லி நம்புவதைவிட எளிது. அப்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால், எதிரணி நன்றாக ஆடியது, அணி தோற்றது, அவ்வளவுதான். அப்போது நீங்கள் மூவரும் இந்தப் பேச்சை நிறுத்திவிடலாம்.

கணுக்காலைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் எளிதாக விட்டுவிட மாட்டேன். காயத்திலிருந்து திரும்பியவர்கள் பலர் தூரத்திலிருந்து ஷாட் எடுக்கத் தயங்குவதில்லை; கூட்டத்துக்குள் புகுந்து, யார் காலிலாவது காலை வைத்துவிடுவோமோ என்ற இடத்தில்தான் தயங்குகிறார்கள். பெக்கர்ஸே 2021 டிசம்பரில் முழங்கால் எலும்பு முறிவும், 2022 ஆகஸ்டில் முழங்கால் தசைநார் கிழிவும் கண்டு, 2022-23 சீசன் முழுவதையும் இழந்து திரும்பியவர். உங்கள் மகளின் முதல் அரையிறுதி சுளுக்குக்கு முந்தியது என்பதால் காயம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஆனால் இரண்டாவது அரையிறுதியில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். காயத்துக்குப் பிறகு சாதாரண ஆட்டங்களிலும் அவர் உள்ளே புகுவது குறைந்திருக்கிறதா என்பதை வீடியோ சொல்லிவிடும். குறைந்திருந்தால் முதலில் போக வேண்டியது அணியின் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம். காலின் பலமும் சமநிலையும் முழுமையாகத் திரும்பிவிட்டன என்று சோதித்துக் காட்டினால், பாதித் தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நெருக்கடியைப் பற்றிய ஆய்வுகளில் அவருக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்க ஆண்களின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் ஆட்டங்களில் 2002-03 முதல் 2009-10 வரை எடுக்கப்பட்ட ஃப்ரீ த்ரோக்களை (எதிரணி செய்த தவறுக்காக, யாரும் மறிக்காமல் எறியத் தரப்படும் வாய்ப்புகளை) மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அலசி 2011-இல் வெளியிட்டார்கள். மிக நெருக்கமான ஆட்டங்களின் கடைசி நொடிகளில், உலகின் தலைசிறந்த வீரர்களின் வெற்றி விகிதமே அவர்களுடைய வழக்கமான அளவைவிட 5 முதல் 10 சதவீதப் புள்ளிகள் வரை குறைந்திருந்தது. ஆனால் அரங்கில் எவ்வளவு கூட்டம், சொந்த ஊரா வெளியூரா, சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் ப்ளேஆஃப் ஆட்டமா சாதாரண ஆட்டமா என்பவற்றால் அப்படிப்பட்ட பாதிப்பு எதுவும் தென்படவில்லை. இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முக்கியமான நேரத்தில் தவறவிடுவது எல்லோருக்கும் நேர்வது, தவறவிட்டால் அது அவமானம் அல்ல. இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது: ஆளை அழுத்துவது அரையிறுதி என்ற பெயரைவிட, வித்தியாசம் குறைந்து நேரமும் குறையும் அந்தச் சூழ்நிலைதான். அந்தச் சூழ்நிலை ஜனவரி மாதத்து ஒரு சாதாரண ஆட்டத்திலும் வரும். பிப்ரவரிக் கடைசியில் ஆட வேண்டியதை ஆடிப் பார்ப்பதற்கு அதுவே சரியான இடம்.

நெருக்கடியில் கைதேர்ந்தவர்கள் தடுமாறுவதற்கு உளவியலாளர்கள் பொதுவாகச் சொல்லும் காரணம், தானாக நடந்துகொண்டிருந்த அசைவை உள்ளே புகுந்து கவனிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்பது. ராய் பாமைஸ்டர் 1984-இல் தொடங்கிவைத்த இந்த விளக்கத்தைப் பிறகு சியான் பைலாக் விரிவாகச் சோதித்தார். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, இது உங்கள் மகளுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்றே பட்டது. அவருடைய ஷாட் கெட்டுப்போகவில்லை. ஷாட் எழும்பவே இல்லை. எனவே ஷாட் எடுக்கும் முறையைத் திருத்துவதிலும் கூடுதலாக நூறு ஷாட் எறிவதிலும் பெரிய பலன் இருக்காது. பந்து வருவதற்கு முன்பே முடிவு தயாராக இருக்க வேண்டும், வேலை செய்ய வேண்டிய இடம் அது.

அதற்குப் பயிற்சியாளர் முதலில் தன் அறிவுரையை மாற்ற வேண்டும். “துணிந்து ஆடு” என்பதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதை அவர் “இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்” என்ற வடிவத்துக்குக் கொண்டுவரட்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, வெறும் உறுதிமொழியைவிட இந்த வடிவத்தில் எடுத்த தீர்மானங்களே செயலாகின்றன என்று காட்டியிருக்கிறார். “களத்தின் பக்கவாட்டில் எனக்குப் பந்து வந்தால், முதலில் கூடையைப் பார்ப்பேன். மறிப்பவர் ஒரு கை தூரத்துக்கு அப்பால் நின்றால் எறிவேன். ஒட்டி நின்றால் ஓர் அடி உள்ளே எடுத்து வைப்பேன். இரண்டாவது ஆள் வந்தால் கொடுப்பேன்.” இவ்வளவுதான். உங்கள் மகளின் பகிரும் குணம் இதில் கடைசிப் படியாகப் பத்திரமாக இருக்கிறது. அதைப் பறிப்பதாக அவர் நினைத்தால் இந்த மாற்றத்தை ஏற்கவே மாட்டார், நானும் அதைப் பறிக்கச் சொல்ல மாட்டேன். ஆட்டம் தொடங்கியதும் முதல் இரண்டு மூன்று தாக்குதல்களை அவருக்காகவே பயிற்சியாளர் வகுத்துக் கொடுப்பது இன்னும் நல்லது. தொடக்கத்திலேயே கூடையை நோக்கிப் போய்விட்டவருக்கு நான்காம் குவார்ட்டரில் அது புதிய காரியமாக இருக்காது.

அவர் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். முதல் ஷாட் தவறியதும் பெஞ்சுக்கு அழைக்கும் பயிற்சியாளரிடம் யாரும் முனைப்பாக ஆட மாட்டார்கள். “திட்டப்படி எடுத்த ஷாட் தவறினால் அது அணியின் ஷாட், உன் தனிக் கணக்கு அல்ல” என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை சொல்வது, தனியாகப் பத்து முறை ஊக்கப்படுத்துவதைவிட மேலானது. தோழிகளும் அதைச் சொல்ல வேண்டும். பந்தைத் தானே வைத்துக்கொண்டால் அவர்கள் மனம் கோணுவார்களோ என்ற அச்சம் கல்லூரி அணிகளில் மிகவும் சாதாரணமானது, பெண்கள் அணிகளில் அதைப் பற்றிப் பேசுவதுகூட அரிது. “கடைசி நிமிடத்தில் நீதான் எடுக்க வேண்டும், அதைத்தான் நாங்களும் விரும்புகிறோம்” என்று கேப்டன் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டால் உங்கள் மகளுக்கு அது பெரிய விடுதலையாக இருக்கும்.

பயிற்சியில் நெருக்கடியைக் கொண்டுவருவதும் அவசியம். கூடைப்பந்து வீரர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பதற்றத்தை உண்டாக்கி அதற்குள்ளேயே பயிற்சி செய்தவர்கள் பிறகு அழுத்தமான சூழலில் சறுக்கவில்லை. பதற்றமில்லாமல் அதே பயிற்சியைச் செய்தவர்கள் சறுக்கினார்கள். பயிற்சியின் இறுதியில், எல்லோரும் களைத்திருக்கும்போது, பலகையில் இரண்டு புள்ளி பின்தங்கிய ஸ்கோரும் நாற்பது நொடி நேரமும் வைத்து, அணி முழுவதும் ஓரத்தில் நின்று பார்க்க, தோற்ற பக்கம் கூடுதலாக ஓட வேண்டும் என்று வைத்து ஆடட்டும். வாரத்துக்கு இரண்டு முறை போதும். ஃப்ரீ த்ரோவுக்கு எப்போதும் மாறாத ஒரு சிறு ஒழுங்கும், எறிவதற்கு முன் வளையத்தின் மேல் ஒரு கணம் நிலைக்கும் பார்வையும் உதவும். அதைப் பயிற்சியாளர் அறிந்திருப்பார்.

இனி உங்கள் கணவரிடம் காட்ட வேண்டிய பத்தி. ஐயா, உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். மகளின் திறமையை அவரைவிட அதிகமாக நம்புகிறவர் நீங்கள் என்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு ஆற்றாமை. ஆனால் ஆட்டம் முடிந்த அன்று மாலை அதைப் பேசுவதால், அடுத்த பெரிய ஆட்டத்தில் பந்து கைக்கு வரும் நொடியில் அவருடைய மனத்தில் தடுப்பாளரோடு சேர்ந்து நீங்களும் நின்றுகொள்கிறீர்கள். தவறவிட்டால் சாப்பாட்டு மேசையில் என்ன கேட்க வேண்டிவரும் என்ற நினைப்பு, ஷாட் எடுப்பதன் விலையை இன்னும் கூட்டிவிடுகிறது. விளைவாக, நீங்கள் ஒழிக்க விரும்பும் அதே பாஸ்தான் அதிகமாகும். இந்த சீசன் முடியும் வரை ஆட்டத்தைப் பற்றி அவராகத் தொடங்கினால் மட்டும் பேசுங்கள். அவர் தொடங்கினாலும் ஷாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. தினமும் பாடத்தையும் பயிற்சியையும் சேர்த்துச் சுமக்கும் ஒரு மாணவி பிரியத்தால் மட்டுமே அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பிரியம் தேய்ந்துவிட்டால் நாம் பேசும் முனைப்பு எங்கிருந்தும் வராது.

சகோதரி, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வளர்ப்பைப் பற்றிய உங்கள் குற்ற உணர்ச்சியை மகளிடம் சொல்லாதீர்கள். தன்னிடம் அடிப்படையிலேயே ஏதோ குறை இருக்கிறது, அது வீட்டிலிருந்து வந்தது என்று அவர் நினைக்கத் தொடங்கினால், பழகிக்கொள்ளக்கூடிய ஒன்றை மாற்ற முடியாத ஒன்றாக ஏற்றுக்கொண்டுவிடுவார். அடக்கமாக இருப்பவர் தன் முறை வரும்போது தயங்காமல் எறியலாம், இரண்டுக்கும் முரண் எதுவும் இல்லை.

பெரிய ஆட்டங்களுக்கு முந்திய இரவுகளில் அவருக்குத் தூக்கம் கெடுகிறதா, வாந்தி வருவதுபோல் இருக்கிறதா, ஆடவே வேண்டாம் என்று தோன்றுகிறதா, ஆட்டம் முடிந்து பல நாட்கள் அதிலிருந்து மீள முடியாமல் தவிக்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். இவற்றில் ஏதேனும் இருந்தால் மேலே சொன்ன பயிற்சிகளால் மட்டும் தீராது, ஒருவரிடம் நேரில் பேச வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர்களுக்குக் கட்டணமில்லாத உளவியல் ஆலோசனை உண்டு. சில இடங்களில் விளையாட்டு வீரர்களுக்கென்றே பயின்ற ஆலோசகரும் இருப்பார், அணியின் சிகிச்சையாளரைக் கேட்டால் வழி சொல்வார். நேரம் குறிக்க அழைப்பது உங்கள் மகளாகவே இருக்கட்டும். அவர் வயது வந்தவர், அங்கே பேசுவது அவருக்கும் ஆலோசகருக்கும் இடையில்தான் இருக்கும். என்ன பேசினீர்கள் என்று நீங்கள் கேட்காமல் இருந்தால், அவர் இரண்டாம் முறையும் போவார்.